டி டிரைவ் சிவந்துவிட்டது: உள்ளே மாட்டுவதா, வெளியே வைப்பதா?

கேள்வி: ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு ஆர்டர்கள்தான் பிழைப்பு. கம்ப்யூட்டர் பழசு: ஐ5 நான்காம் தலைமுறை, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. சி டிரைவ் 500 ஜிபி ஹார்டு டிஸ்க், டி டிரைவ் தனியாக 1 டிபி. இரண்டும் நிரம்பிவிட்டன. இடம் இல்லாதபோதெல்லாம் பழைய கல்யாணங்களை 2 டிபி எக்ஸ்டர்னலுக்கு மாற்றிவிட்டு இங்கே டெலீட் செய்துவிடுவேன். இப்போது அதுவும் நிறையப் போகிறது. கொஞ்ச நாளாக 1 டிபி டிஸ்க்கிலிருந்து இடையிடையே 'டக் டக்' என்று சத்தம் வருகிறது. ஆல்பம் பிரிண்டுக்காக வாரம் ஒருமுறை சேலம் இறங்குவேன். அங்கே ஒரு கடையில் '4 டிபி உள்ளே மாட்டித் தருகிறோம்' என்கிறார்கள். நண்பர் 'எக்ஸ்டர்னலே போதும்' என்கிறார். ஆன்லைனில் 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதை வாங்கட்டும்? மாட்டுவதை நானே செய்யலாமா? மலையில் அடிக்கும் இடி, மழை, பனி டிஸ்க்கைப் பாதிக்குமா?

பதில்: எதை வாங்குவது என்பது அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த 'டக் டக்'கைப் பார்ப்போம். 1 டிபி டிஸ்க்கில் இன்னும் டெலிவரி கொடுக்காத வேலை ஏதாவது இருந்தால், அதை மட்டும் இன்றைக்கே எக்ஸ்டர்னலில் மிச்சமிருக்கும் இடத்துக்கோ பெரிய பென்டிரைவுக்கோ காப்பி எடுத்துவிடுங்கள். அதன்பின் புது டிஸ்க் கைக்கு வரும்வரை அதில் எடிட்டிங் வேண்டாம்.

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட் ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வது ஒன்று. கரண்ட் சரியாக வராமல் டிஸ்க் நின்று நின்று சுற்றுவது இன்னொன்று. கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழசாகியிருந்தாலோ பவர் பின் தளர்ந்திருந்தாலோ இப்படி ஆகும். எது என்று பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். திறந்ததும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரு கட்டம் காட்டும். அதை மட்டும் நம்பாமல் கீழே 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது டிஸ்க் தானே கழித்துவிட்டு மாற்று இடம் ஒதுக்கிய செக்டர்களின் (டேட்டா பதியும் சிறு கட்டங்களின்) எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் இழுபறியில் நிற்பவை. சி6, தேறாது என்று முடிவானவை. சி5, சி6 இரண்டும் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். 05-இல் ஒரு சிறிய எண் வருடக்கணக்காக அப்படியே நின்றால் பரவாயில்லை. ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறியிருந்தால் பழி பெரும்பாலும் டிஸ்க்கின் மேல் இல்லை, அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் மேல். கேபிளை மாற்றினால் அந்த எண் குறையாது, மேலே ஏறாமல் நிற்கும், அவ்வளவுதான். இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும், '10' என்று இருந்தால் உண்மையில் 16. மெனுவில் ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று போய் '10 டெக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண எண்ணாக மாறிவிடும்.

சி5 ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் அந்த டிஸ்க்கின் மேல் எரர் செக்கிங், டிஃப்ராக் இரண்டையும் ஓட்டாதீர்கள். இரண்டுமே திணறுகிற ஹெட்டை டிஸ்க் முழுக்க அலைய வைக்கும் வேலைகள். டேட்டா வெளியே வருவதற்குள் டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிடும். பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேறு பயன் இல்லை. அதே மாடல் டிஸ்க்கிலிருந்து பச்சை போர்டைக் கழற்றி மாற்றிப் போடுவதும் இப்போதைய டிஸ்க்குகளில் எடுபடாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியான அளவுத் திருத்தங்கள் அந்த போர்டில் உள்ள சிப்பிலேயே பதிந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸில்கூட டிஸ்க் தெரியாமல் போய்விட்டால் அத்தோடு நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரிக்கென்றே இருக்கும் லேபுக்கு அனுப்புங்கள். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

கடிதத்தில் டக் டக்கைவிட அதிகமாகக் கவலைப்பட வைத்தது வேறொரு வரி: 'எக்ஸ்டர்னலுக்கு மாற்றிவிட்டு இங்கே டெலீட் செய்துவிடுவேன்.' அப்படியென்றால் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கல்யாணமும் ஏதோ ஒரே ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது. எக்ஸ்டர்னல் வெளியே இருக்கிறது என்பதற்காக அது பேக்கப் ஆகிவிடாது. ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப். இடம் சேர்ப்பது ஒரு செலவு, பத்திரப்படுத்துவது தனிச் செலவு. ஒன்றைச் செய்தால் மற்றதும் நடந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் பாதிப் பேரின் டேட்டா போகிறது. ஆகவே கடைக்காரர் சொல்வதா, நண்பர் சொல்வதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் வேண்டும். 8 டிபி ஒன்று வாங்கக் காசிருந்தால் 4 டிபியாக இரண்டு வாங்குங்கள்.

4 டிபி போதுமா என்பது நீங்கள் எடுக்கும் வீடியோவைப் பொறுத்தது. கணக்கு எளிது: கேமராவில் செட் செய்திருக்கும் எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) எண்ணை 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரப் பதிவுக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். ஃபுல் எச்டியில் 50 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 22.5 ஜிபி. 4கேயில் 100 எம்பிபிஎஸ் என்றால் 45 ஜிபி. இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரப் பதிவு என்று வைத்தால் ஃபுல் எச்டி கல்யாணம் 135 ஜிபி, 4கே கல்யாணம் 270 ஜிபி. ஸ்டில்லில் ரா ஃபைல் ஒன்று 25 முதல் 30 எம்பி என்றால் 1500 படத்துக்கு நாற்பது ஜிபி சொச்சம். ஃபுல் எச்டியிலேயே இருந்தால் 4 டிபியில் இருபது கல்யாணத்துக்கு மேல் அடங்கும். 4கேக்கு மாறினால் பன்னிரண்டு பதின்மூன்றோடு சரி. இதைப் பார்த்துவிட்டுப் பெரிய டிஸ்க்காகத் தேடுவதைவிட, ஆல்பமும் வீடியோவும் கொடுத்து ஆறு மாதம் ஆனபின் வீடியோவின் மூலப் பதிவை அழித்துவிடுவோம் என்று ஆர்டர் எடுக்கும்போதே ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குவது நல்லது. முடித்த வீடியோவும் தேர்ந்தெடுத்த படங்களும் இருந்தால் போதும். பந்தியில் இலை போடும் காட்சியின் எடிட் செய்யாத முக்கால் மணி நேரத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

வாங்க வேண்டியது மூன்று. சி டிரைவுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, டி டிரைவுக்கு 3.5 அங்குல 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, பேக்கப்புக்கு 4 டிபி எக்ஸ்டர்னல் ஒன்று. எஸ்எஸ்டி வாங்கும்போது கடையில் என்விஎம்இ வேகமானது என்று எம்.2 வகையைக் காட்டுவார்கள். எச்81 போர்டில் பெரும்பாலும் அதற்கு ஸ்லாட்டே இருக்காது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் சொருகினாலும் அந்தக் காலத்து பயாஸ் சாதாரணமாக அதிலிருந்து பூட் ஆகாது. சாட்டா எஸ்எஸ்டியின் வேகம் விநாடிக்கு 500 எம்பியைத் தாண்டும். உங்கள் பழைய ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்த நாளிலேயே 100, 150 தான் கொடுத்திருக்கும். இன்னொன்று, கடைகளில் 480 ஜிபி எஸ்எஸ்டி நிறைய வரும். உங்கள் பழைய டிஸ்க் 500 ஜிபி. விண்டோஸோடு அப்படியே நகலெடுக்க, அதாவது குளோன் செய்ய வேண்டுமானால் புதியது பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 500 அல்லது அதற்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த 16 டிபி எஸ்எஸ்டியை மறந்துவிடுங்கள். மூவாயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்பது நடக்காத கணக்கு. இப்படி வருபவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சாதாரண மெமரி கார்டு இருக்கும். கன்ட்ரோலரில் '16 டிபி' என்று பொய் சொல்ல எழுதி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவது காற்றில் போகும், அல்லது பழைய ஃபைல் மேலேயே விழும். ஃபோல்டரில் பெயரும் அளவும் சரியாகத் தெரியும், திறந்தால் படம் வராது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டினால் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ஒழுங்கான டிஸ்க்குக்கும் முதல் நாள் அதை ஓட்டுவதில் நஷ்டமில்லை, ஓர் இரவு முழுக்க ஓடும் என்பதைத் தவிர.

4 டிபி ஹார்டு டிஸ்க்கில் கவனிக்க வேண்டியது கம்பெனியைவிட எழுதும் முறை. சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்று இரண்டு வகை உண்டு. சிஎம்ஆரில் தடங்கள் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் மேலே ஏறியிருக்கும் அடுத்த தடங்களையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். முதல் சில ஜிபிகள் வேகமாகப் போகும், தற்காலிக இடமான கேஷ் நிரம்பியதும் விநாடிக்கு இருபது முப்பது எம்பிக்கு இறங்கி மணிக்கணக்கில் இழுக்கும். எழுதி வைத்துவிட்டு எப்போதாவது எடுக்கும் பேக்கப்புக்கு எஸ்எம்ஆர் பரவாயில்லை. அதன்மேலேயே தினமும் எடிட் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். 2.5 அங்குல எக்ஸ்டர்னல்கள் பெரிய அளவில் ஏறக்குறைய எல்லாமே எஸ்எம்ஆர்தான். உள்ளே மாட்டும் டிஸ்க் மட்டுமாவது சிஎம்ஆராக இருக்கட்டும். பெட்டியில் இதைப் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் தளத்தில் பாருங்கள். சீகேட்டில் ஐயன்வுல்ஃப் 4 டிபி, டபிள்யூடியில் ரெட் ப்ளஸ் 4 டிபி இரண்டும் சிஎம்ஆர். வெறும் 'ரெட்' என்ற பெயரில் 2 முதல் 6 டிபி வரை வந்தவற்றில் எஸ்எம்ஆர் இருந்தது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதனால்தான் 'ப்ளஸ்' என்று தனியாகப் பிரித்தார்கள். சிசிடிவி கடைகளில் கிடைக்கும் கேமரா ரெக்கார்டிங் டிஸ்க்கைக் கொடுத்தால் அதுவும் படம் சேமிக்க உதவும், தவறில்லை.

பில் வாங்கும்போது பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டால் வாரண்டி எதுவரை என்று காட்டும். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பவர் ஆன் ஹவர்ஸ் வரி பூஜ்யத்தையோ ஒன்றிரண்டையோ காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஓடிய டிஸ்க்கைப் புதிதென்று கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். 4 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 3.63 டிபி என்று காட்டுவதற்காக மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

மாட்டுவதை நீங்களே செய்யலாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயிண்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுவிட்டு டிஸ்க்கை எடுங்கள். எச்81 போர்டில் நான்கு சாட்டா போர்ட் இருக்கும்: இரண்டு 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டி 6-இல் போகட்டும். ஹார்டு டிஸ்க்குக்கு 3 தாராளம். டிவிடி டிரைவ் ஒரு போர்ட்டைப் பிடித்திருந்தால் டேட்டா மாற்றும் நாளில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள். சாட்டா கேபிள் இரும்புக் கிளிப் வைத்ததாக வாங்குங்கள். கிளிப் இல்லாதவை மின்விசிறி அதிர்விலேயே தளர்ந்து, முன்னே சொன்ன சி7 எண்ணை ஏற்றும்.

பவர் பக்கம்தான் அவசரத்தில் தப்பு நடக்கும் இடம். எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை தீர்ந்துவிட்டால் பழைய நான்கு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் கேபிளைக் கையில் கொடுப்பார்கள். அதில் முனை முழுக்க ஒரே வார்ப்புப் பிளாஸ்டிக்காக இருக்கும் வகையைத் தொடாதீர்கள். உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய உண்டு. பின்கள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், பின்னால் சின்ன மூடி போட்ட வகையே சரி. அதைவிட, ஒரு சாட்டா முனையை இரண்டாகப் பிரிக்கும் கேபிள் நல்லது. 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்த சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அசெம்பிள் செய்தபோது வந்த மலிவு எஸ்எம்பிஎஸ் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் டக் டக்குக்கே அதுதான் காரணமாக இருந்தாலும் இருக்கலாம்.

ஸ்க்ரூவில் ஒரு வித்தியாசம்: 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பருமனான மரை, 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு எம்3 என்ற பொடி மரை. மாற்றிப் போட்டுத் திருகினால் எஸ்எஸ்டியின் மரை கழன்றுவிடும். ஹார்டு டிஸ்க்கின் லேபிளில் 'இந்தத் துளையை மூடாதே' என்று இருந்தால் அதன்மேல் டேப், ஸ்டிக்கர் எதுவும் ஒட்ட வேண்டாம். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாவது அதன் வழியாகத்தான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸில் எல்லா டிஸ்க்கும் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சாட்டா மோடை (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையை) ஏஹெச்சிஐயிலிருந்து வேறெதற்கும், வேறிலிருந்து ஏஹெச்சிஐக்கும் மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத்திரையில் போய் நிற்கும். அடுத்து ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். புது டிஸ்க்கைக் கண்டதும் 'இனிஷியலைஸ்' என்று ஒரு பெட்டி வரும். டிஸ்க்கைப் பிரிக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா என்று கேட்கும். ஜிபிடி. இங்கே எம்பிஆரைச் சொடுக்கிவிட்டால் 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷன் போட முடியாது. கீழே 2048 ஜிபி ஒரு கட்டமாகவும், மிச்சம் ஏறக்குறைய 1678 ஜிபி 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புக் கோடு போட்டும் நிற்கும். கடையில் 'பாதி டிஸ்க் டூப்ளிகேட்' என்று சண்டை வருவது அனேகமாக இதனால்தான். டிஸ்க் காலியாக இருக்கும்போதே கவனித்தால் பார்ட்டிஷனை அழித்துவிட்டு வலது கிளிக்கில் ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய முறையில் பூட் ஆகும் கம்ப்யூட்டர் என்பதால் ஜிபிடி வேலை செய்யாதே என்று குழம்ப வேண்டாம். சி டிரைவ் பழைய எம்பிஆராகவே இருந்தாலும், டேட்டா டிஸ்க் ஜிபிடியாக இருப்பதில் விண்டோஸ் 10-க்குத் தடையில்லை. பிறகு நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குவிக் ஃபார்மட்.

இப்போதைக்கு இதற்கு இ அல்லது எஃப் என்று ஏதாவது எழுத்து வரட்டும். பழைய டியிலிருந்து காப்பி எடுங்கள், விலைமதிப்புள்ளது முதலில்: டெலிவரி பாக்கி உள்ளவை, அப்புறம் ஸ்டுடியோ கணக்குகள், லைட்ரூம் கேட்டலாக், கடைசியில் பழசு. மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராகப் போடுங்கள். டெராகாப்பி என்ற மென்பொருளில் வெரிஃபை வைத்து ஓட்டினால், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். படிக்க முடியாத ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய், விட்டதைப் பட்டியலிலும் காட்டும். விநாடிக்கு 100 எம்பி என்றால் 1 டிபிக்கு மூன்று மணி நேரம். பாதியில் வேகம் அதலபாதாளத்துக்கு இறங்கி, பழைய டிஸ்க் டக் டக் என்றால் அந்த ஃபோல்டரை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எல்லாம் வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் புது டிஸ்க்குக்கு 'டி' என்ற எழுத்தையே கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் லைட்ரூம், பிரீமியர் இரண்டிலும் எல்லாப் படமும் 'காணவில்லை' என்று நிற்கும். ஃபைல் போகவில்லை, அது தேடும் முகவரிதான் மாறியிருக்கிறது.

சி டிரைவை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது தனி நாளில் நடக்கட்டும். எஸ்எஸ்டி கம்பெனிகளில் பல குளோன் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. சாம்சங்குக்கு டேட்டா மைக்ரேஷன், க்ரூஷியல், டபிள்யூடிக்கு அக்ரானிஸ். அந்தந்தக் கம்பெனி டிஸ்க் மாட்டியிருந்தால்தான் அவை ஓடும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸில் குவிந்திருப்பதை முதலில் புது டிக்கு மாற்றி சியை இளைக்கவையுங்கள். குளோனில் மூலம் எது, இலக்கு எது என்று திரையில் இரண்டு தடவை படித்துவிட்டு ஓகே கொடுங்கள்; டிஸ்க்கின் மாடல் பெயரைப் பாருங்கள், எழுத்தை நம்பாதீர்கள். முடிந்ததும் முதல் பூட்டுக்கு முன் பழைய 500 ஜிபியின் கேபிளைக் கண்டிப்பாகக் கழற்றுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கும், அல்லது சத்தமில்லாமல் பழையதிலிருந்தே பூட் ஆகும்; நீங்கள் எஸ்எஸ்டியில் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது, நான்காம் தலைமுறை ஐ5 விண்டோஸ் 11-இன் பட்டியலில் இல்லை. அதனால் ஒரு நாள் மெஷினையே மாற்றத்தான் வேண்டும். இப்போது வாங்கும் மூன்றும் அப்படியே புது மெஷினுக்குப் போகும், காசு வீணில்லை.

எக்ஸ்டர்னலுக்கு வருவோம். 2.5 அங்குலம் யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும். 3.5 அங்குலத்துக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். பேக்கில் போட்டு மலை இறங்க 2.5 சௌகரியம். மதர்போர்டின் பின்பக்கம் இருக்கும் நீல நிறப் போர்ட்டில் சொருகுங்கள். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு நீளமான கேபிள் வழியாகத்தான் கரண்ட் வரும். அங்கேயும், பவர் இல்லாத யூஎஸ்பி ஹப்பிலும் சொருகினால் டிஸ்க்குக்குக் கரண்ட் போதாமல் 'கிளிக்' என்று சத்தமிட்டுக் காணாமல் போய்த் திரும்ப வரும். நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று தூக்கிப் போட வைப்பது இதுதான். கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் வேகம் 35 எம்பியைத் தாண்டாது, 1 டிபிக்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். ஃபார்மட்டைப் பொறுத்தவரை, விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். எடிட்டரிடம் மேக் இருந்தால் எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி) கிடையாது, 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம்.

டி டிரைவைப் பேக்கப்புக்குக் கொண்டுபோக ஃப்ரீஃபைல்சிங்க் போதும். அதில் 'அப்டேட்' முறையை வையுங்கள். 'மிரர்' வைத்தால், இங்கே தவறுதலாக அழித்தது அங்கேயும் அழியும். இன்னொன்று: கழற்றிய ஹார்டு டிஸ்க்குகளை யூஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கைச் சொருகும் தாங்கியில்) வைத்துப் பயன்படுத்துபவர்கள் நிறைய. சில டாக்குகள் 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கின் செக்டர் அளவை வேறுவிதமாகக் காட்டும். அதில் ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பிறகு கேபினெட்டுக்குள் மாட்டினால் 'ரா' என்று காட்டி ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். செய்யாதீர்கள். திரும்ப அதே டாக்கில் வைத்தால் டேட்டா தெரியும்.

மலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயரம் பிரச்சினை இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். சாதாரண ஹார்டு டிஸ்க்குகளுக்கு 3000 மீட்டர் வரை அனுமதி உண்டு. கோடை மழையோடு வரும் இடிதான் நிஜமான எதிரி. கோடை விழா கூட்டம் முடிந்து சாயங்காலம் வானம் கறுக்கிற நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். நெட் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, இணையக் கம்பி வழியாகவும் வந்து போர்டைக் கருக்கும். பாறைத் தரையில் எர்த்திங் ஒழுங்காக அமைவது கஷ்டம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள், எர்த் இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அதன் பின்புறம் ஒரு மோடு சுவிட்ச் இருக்கும். அதை 'யூபிஎஸ்' பக்கம் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம், ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் ஃபைல் சிஸ்டம் கெடும்.

பனியில் பயப்பட வேண்டியது ஈரம் கோப்பதை. குளிர்ந்த டிஸ்க் வெப்பமான, ஈரமான காற்றுக்கு வந்ததும் மேலே வியர்க்கும். காலையில் மலையிலிருந்து சேலம் இறங்கியதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்து, அப்புறம் எடுத்துச் சொருகுங்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டிரை பாக்ஸ் வைத்திருப்பீர்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் அந்தப் பெட்டியிலேயே எக்ஸ்டர்னலுக்கும் இடம் கொடுங்கள். சுவரோடு ஒட்டிய பீரோ வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஓடாத டிஸ்க்கின் ஹெட் ஓரமாக ஒதுங்கியிருக்கும், நன்றாகத் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து விழுவதுதான் ஆபத்து.

வாரம் ஒருமுறை சேலம் இறங்குவது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. புது 4 டிபி எக்ஸ்டர்னல் ஸ்டுடியோவில் இருக்கட்டும், பேக்கப் ஓடும் நேரம் தவிரக் கம்ப்யூட்டரோடு இணைக்காமல். பழைய 2 டிபியில் இருப்பதைப் புது டி டிரைவ், புது எக்ஸ்டர்னல் இரண்டிலும் சேர்த்துவிட்டால் 2 டிபி விடுபடும். அதில் முடித்த வீடியோ, தேர்ந்தெடுத்த படங்கள், பாக்கி வேலைகள் மட்டும் ஏற்றி, அஸ்தம்பட்டியிலோ கோரிமேட்டிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். ஆல்பம் எடுக்கப் போகும்போது வாங்கி வந்து, புதுப்பித்து, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுங்கள். கிளவுடும் வழிதான், ஆனால் 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 டிபி ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். முடித்த படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் பெட்டியில் பூட்டி வைப்பதற்கு எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கரண்ட் இல்லாமல் கிடந்தால் அதில் பதிந்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். நிறைய எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டிக்கு 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் என்பதுதான் தொழில் தரநிலை வைத்திருக்கும் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு.

மிஞ்சுவது பழைய டிஸ்க்குகள். 500 ஜிபி நல்ல நிலையில் இருந்தால் எஸ்எஸ்டி ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை தொடாமல் வையுங்கள். அப்புறம் குவிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுத்தால் மேலே பூஜ்யம் எழுதிவிடும். யாருக்காவது விற்றாலும் கவலையில்லை. 1 டிபியில் சி5 ஏறியிருந்தால் அதை 'சும்மா பாட்டு போட்டு வைக்க' என்றுகூட வைத்துக்கொள்ளாதீர்கள், எக்ஸ்சேஞ்சிலும் கொடுக்காதீர்கள். ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்கள் அதற்குள் இருக்கின்றன. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிரில்லில் வட்டத் தட்டு இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிட்டு, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.